உப்புப் பார்க்கிறவள்

குசினியில் அத்தனை பேரும் நோன்பு. நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு, அதில் கம்சலாவை உட்கார வைத்து, சோற்றுத் தட்டைக் கையில் கொடுத்தார் நஸீர்.

“முழுசாச் சாப்பிடு. அப்புறம் கஞ்சிக்கு உப்பு சொல்லு.”

கம்சலாவுக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் அடுப்பில் வெந்து கொண்டிருக்கும் மனிதர்களுக்கு நடுவில் உட்கார்ந்து எப்படி மெல்லுவது?

அஸீஸ் முதலாளியின் சாப்பாட்டுக் கடை பதுளை பஸாரில் இருந்தது. நோன்பு மாதத்தில் பகலில் முன்கதவு பூட்டு. பின்னால் குசினியில் மட்டும் மூச்சு விட நேரமிருக்காது. பள்ளிவாசலுக்குக் கஞ்சி, ஆபீஸ் கந்தோர்களுக்கு ரோல்ஸ், எல்லாம் நோன்பு துறக்கிற மாலைப் பாங்குக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

கம்சலா அங்கே சட்டி கழுவுகிறவள். பகலில் வேலையாட்களுக்குச் சோறு ஆக்காததால் நோன்பில்லாத ஆட்களை அந்த மாதம் நிறுத்திவிடுவது முதலாளியின் வழக்கம். அவளையும் நிறுத்தத்தான் இருந்தார். பெரிய சமையல்காரர் நஸீர்தான் குறுக்கே விழுந்தாராம்.

“நஸீர் நானாட நாக்கு இந்த வருஷம் சரியில்லையாம். உப்புப் பார்க்க ஒரு ஆள் வேணுமாம்,” என்றார் முதலாளி. “அதுக்காகத்தான் நீ நிக்கிற. உப்புப் பிழைச்சா அடுத்த நாள் வர வேணாம்.”

கொழும்புக்கு வேலைக்குப் போன புருஷன் போனைக்கூட எடுப்பதில்லை. பால்குடிப் பிள்ளையைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து அங்கம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் தினமும் பஸ் ஏறினாள். வர வேணாம் என்ற சொல் காதிலேயே நின்றது.

உப்புப் பார்க்கக் கஞ்சியில் ஒரு கரண்டி போதாதா என்று முதல் நாளே நஸீரிடம் கேட்டுப் பார்த்தாள். வெறும் வயிற்றுக்கு எல்லாமே ருசியாகத்தான் தெரியும், அதை நம்பிக் கஞ்சி அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து சாப்பிட்டவள், பாதியைக் குப்பை வாளியில் கொட்டினாள். அதை எப்படியோ பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்துதான் இந்த முக்காலி.

கஞ்சி அடிப்பிடித்தால்கூடக் குரல் உயர்த்தாத மனிதர், அவள் தட்டில் மீன் மிச்சமிருந்தால் மட்டும் நகர மாட்டார். ஒரு நாள் முட்டை வந்தது. இன்னொரு நாள் ஒரு பெரிய கோப்பைப் பால். சீனி சரியா என்று பார்க்க வேண்டுமாம். பால் யாருடைய ஓடர் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ரோல்ஸுக்கு மா பிசைகிற பஸீல் சும்மா இருக்க மாட்டான்.

“உப்புத்தான் பார்க்கச் சொன்னாங்க தங்கச்சி. சட்டியையே முடிச்சிடாதீங்க.”

வெங்காயம் வெட்டும் ரிஸ்கா முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டாள். கம்சலாவுக்குக் காதெல்லாம் எரிந்தது.

அங்கம்மாவிடம் சொல்லி அழுதாள். “பட்டினி கெடக்குற ஆளுங்க முன்னாடி என்னையத் திங்க வச்சு வேடிக்கை பாக்குறாரு அந்த ஆளு.”

“நல்ல மனுசனுக்கு இது அழகா?” என்ற அங்கம்மா, பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தாள். “இவ இப்பல்லாம் அழுகுறதே இல்ல. அதுவாச்சும் இருக்கே.”

பெரிய கந்தோர் ஒன்றின் இப்தார் ஓடர் வந்த அன்று மழை பிடித்துக் கொண்டது. ரோட்டில் மண் சரிந்து, பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. மண்ணை அள்ளி வழி விடுவதற்குள் பகல் போய்விட்டது. அவள் நனைந்து கொண்டு பஸாருக்குள் ஓடி வரும்போது பாங்கு சொல்லிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

கஞ்சி போய்விட்டது. உப்புப் பார்க்காமல்.

வாசலிலேயே முதலாளி நின்றார், காதில் போனோடு. கம்சலா சுவரோடு ஒட்டி நின்று, வரப்போகும் வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “உப்பு அளவாம். கந்தோர்ல எல்லாரும் ரெண்டாந்தரம் கேட்டுக் குடிச்சிருக்காங்க. நாளைக்கும் இப்படியே பாரு.”

அவள் வராததே அவருக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை.

குசினிக்குள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நோன்பு துறந்து, கஞ்சி குடித்துக் கொண்டிருந்தார்கள். நஸீர் அவளைக் கண்டதும் எழுந்து, அடுப்பில் மூடி வைத்திருந்த தட்டை எடுக்கப் போனார். கம்சலா பஸீலின் பக்கத்தில் குந்தினாள்.

“அண்ணே, யாரு உப்புப் பார்த்தது? என்னால யாரோட நோன்பாச்சும் முறிஞ்சு போச்சா?”

“முறியல்ல தங்கச்சி. நுனி நாக்குல வச்சுப் பார்த்துட்டுத் துப்பிட்டா நோன்பு முறியாது. சமைக்கிற ஆளுக்கு அது ஆகும். நஸீர் நானா வருஷா வருஷம் அப்படித்தானே பார்க்கிறாரு.”

“அவரு நாக்கு சரியில்லன்னாங்களே?”

“பதுளையிலேயே அதைப் போல ஒரு நாக்கு கெடயாது.”

“அப்ப நான் எதுக்கு?”

பஸீல் கோப்பையைக் கீழே வைத்தான். நஸீர் வருகிறாரா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக் கொண்டான்.

“பால் கொடுக்கிற புள்ள, பகல்ல அதோட வயிறு காயக் கூடாதுன்னு நோன்புக்கு முந்தின நாள் எங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாரு. ரெண்டே ரெண்டு பேருக்குத் தெரியக் கூடாதுன்னாரு. ஒண்ணு முதலாளி. மத்தது நீங்க.”