மேட்டு மண்

அவள் அடிபம்பின் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

சிவப்பு பெயிண்ட் டப்பாவோடு நின்றவன் ஏட்டைப் பார்த்தான்.

"கைய எடும்மா. பெருக்கல் குறி போட்டுட்டுப் போயிருதோம். இனி இதுல யாரும் தண்ணி பிடிக்கக் கூடாது" என்றார் ஏட்டு தங்கப்பழம்.

மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் போலீசார் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருடமாகக் குண்டுகள் அந்த மேட்டில்தான் புதைகின்றன. மழை பெய்யும்போதெல்லாம் ஈயம் கரைந்து இறங்கி இந்தத் தண்ணீரில் கலக்கிறதாம். நாளைக்குக் கரண்ட் இருக்காது என்பதுபோல அதைச் சொல்லி முடித்திருந்தார் ஏட்டு.

அவள் இடுப்பில் மகள் பேச்சியம்மாள். நாலு வயது. இன்னும் நடந்தால் விழுகிறாள். வாயில் ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் இல்லை.

பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்று போன மாதம் பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். எந்தப் பாத்திரத்தில் சமைக்கிறாய், பிள்ளையை மண் தின்ன விடுகிறாயா என்று அவளைத்தான் கேட்டார்கள்.

"நீங்கல்லாம் எந்தத் தண்ணி குடிக்கீய?"

ஏட்டு தொப்பியைச் சரிசெய்தார். "அதெல்லாம் ஒனக்கெதுக்கு?"

பெயிண்ட்காரன் டப்பாவைக் கலக்கியபடி, தலையைத் தூக்காமல் சொன்னான்.

"போலீஸ் குவார்ட்டர்ஸுக்கு லாரித் தண்ணிதான்க்கா. மூணு வருசமா."

மூன்று வருடம்.

பேச்சிக்குத் தாய்ப்பால் மறக்கடித்தது அப்போதுதான். முதல் டம்ளர் தண்ணீரை இந்த பம்பில்தான் பிடித்துக் கொடுத்தாள்.

அவள் கையை எடுத்தாள்.

ஏட்டு பெருமூச்சு விட்டார்.

"பிடிங்க" என்று பிள்ளையை அவர் கையில் திணித்தாள்.

நடந்தாள். யாரும் வரக் கூடாதென்று நட்டிருந்த சிவப்புக் கொடியைத் தாண்டினாள். மேட்டில் ஏறினாள்.

"ஏ பொம்பள! எங்க போற?"

பிள்ளையோடு அவரால் ஓட முடியவில்லை. கீழே விடவும் முடியவில்லை.

"சுடாதீங்க! ஏ, சுடாதீங்கடே!"

எங்கோ விசில் அலறியது. வெடிச்சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

மேட்டைத் தாண்டி இறங்கினாள். எதிரே வரிசையாகக் குப்புறப் படுத்திருந்தவர்கள் தலை தூக்கினார்கள். அவர்களைப் பார்த்தபடியே சரிவில் உட்கார்ந்தாள். விரல்களால் மண்ணைக் கிளறினாள்.

நசுங்கிய குண்டு ஒன்று வந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

மடியில் போட்டாள்.

அடுத்ததைத் தோண்ட ஆரம்பித்தாள்.