மடித்த மூலை

இரவல் போய்த் திரும்பிய புத்தகத்தில் மறுபடியும் ஒரு பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பின்மேல் ஒரு விரல் அடையாளம், இலேசான சிவப்பில். மருதோன்றி என்றது ஃபைஸலின் மனம். அதற்குப் பிறகு அன்று அவனுக்கு வேலை ஓடவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு வரி: 'அந்த நூற்றாண்டில் எல்லாவற்றுக்கும் இயந்திரம் இருந்தது, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கத்தான் ஆளில்லை.' போன வருடம் அவனும் அதே வரியில் நெடுநேரம் நின்றவன்.

கற்பிட்டியில் படகு எஞ்சின் திருத்துபவன் ஃபைஸல். நாற்பதை நெருங்கியும் கலியாணமில்லை. அலுமாரி நிறையக் காதலும் மனித மனமும் இனி வரப்போகும் காலங்களுமாகப் புத்தகங்கள்.

அடுத்த வீட்டு ஸுஹைரா கணவனை இழந்து, துக்கம் காக்கும் இத்தாவில் இருந்தாள், நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல். அவளுடைய வாப்பா அபூசாலிதான் வேலிக்கு மேலால் அவளுக்கென்று புத்தகம் வாங்கிப் போவார். மன்னாரிலிருந்து வந்தவர். யுத்தம் முடிந்து ஊரவர் பலர் திரும்பியும் அவர் போகவில்லை; மனைவியை அடக்கிய மையவாடி இங்கே இருந்தது.

"மத்தது இல்லியா தம்பி?"

"அதுக்குள்ள முடிஞ்சிட்டா காக்கா?" அண்ணன் முறை வைத்துக் கேட்டான் ஃபைஸல்.

"ஓம். அந்த மெஷினுக்கு மனசு வருதே, அதப்போல ஒண்டு வேணுமாம்."

"காதல் கதைதான் இருக்கு. இத்தால இருக்கிற ஆளுக்குக் குடுக்கலாமா?"

"குடுங்க, குடுங்க. கதைதானே!" வெற்றிலையை மறு கன்னத்துக்குத் தள்ளிச் சிரித்தார் அபூசாலி.

ஒவ்வொரு புத்தகமும் ஒரு மடிப்போடு திரும்பி வந்தது. பிரிவு, காத்திருப்பு, பேசாமல் போன ஒரு சொல். அவளுடைய மனசை இவ்வளவு கிட்டத்தில் யார் வாசித்திருப்பார்கள்? தூரத்துக் காற்றாலையைப் போல ஃபைஸல் நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருந்தான்.

இத்தா முடிந்தது. ஸுஹைரா தையல் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். வேலியைக் கடக்கும்போது அவன் பக்கம் திரும்பவே இல்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டான். அன்று பின்னேரமே அபூசாலியைத் தேடிப் போனான். முற்றத்து வாங்குப் பலகையில் அவர் தனியே இருந்தார், மடியில் அவன் கொடுத்த கடைசிப் புத்தகம்.

"மாமா..."

"என்ன புதுசா மாமா? நேத்துவரைக்கும் காக்காதானே!"

"உங்கட மகள எனக்குக் கட்டித் தருவீங்களா? அவ மூலை மடிச்ச பக்கமெல்லாம் நான் வாசிச்சிருக்கன். அவட மனசு எனக்குத் தெரியும்."

காயப்போட்ட வெங்காயத்தின் சருகைக் காற்று முற்றமெங்கும் இழுத்துக்கொண்டு போனது. ஃபைஸல் வாங்கின் எதிரே நின்றான்.

பிறகு அவர் புத்தகத்தைத் திறந்தார். வெற்றிலை குதப்பிய வாயில் விரலை நனைத்து, ஏதோ ஒரு பக்கத்தைத் தேடினார். விரல் பட்ட தாளெல்லாம் சிவந்தது.

இத்தாவில் இருப்பவள் மருதோன்றி இடமாட்டாள் என்பது ஃபைஸலுக்கு அப்போதுதான் உறைத்தது.

அபூசாலி வாங்கில் சற்றுத் தள்ளி இருந்து, பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டார்.

"மடிச்சது நான்தான் தம்பி."