கனிவான கவனத்திற்கு

“டாக்டர் எழுதின வலி மாத்திரைய ஏன்டி அம்மாவுக்குக் குடுக்கல?”

“குடுக்காம என்ன, அவங்க வாயத் தொறந்தாத்தானேண்ணே...”

“பொய் சொல்லாதே! அட்டை பிரிக்காமலே கெடக்கு.”

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவன் அண்ணன். கோபத்திலும் குரல் கணீரென்றிருந்தது. மூடிய அறைக்குள் கொரோனா காய்ச்சலோடும் மூட்டுவலியோடும் அம்மா முனகிக்கொண்டிருந்தாள்.

“கொரோனா வந்தா அந்த மாத்திரை ஆகாதுன்னு போன்ல வந்த குரல் பதிவுல கேட்டாங்களாம். அதான் இந்தப் பிடிவாதம்.”

“டாக்டர் எல்லாம் பாத்துத்தானே எழுதியிருக்காரு! எந்த மடையன் கெளப்பிவிட்டான்? ஆளைச் சொல்லு, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்.”

“விடுண்ணே.”

“சொல்லுடி!”

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அறைக்குள் அம்மா தன் போனில் அந்தக் குரல் பதிவை ஓடவிட்டாள். அதே கணீர்க் குரல்.

“உறவினர்களின் கனிவான கவனத்திற்கு! கொரோனா வந்தவர்கள் வலி மாத்திரையைத் தொடவே கூடாது. தொட்டால் உயிருக்கே ஆபத்து. எல்லோருக்கும் அனுப்புங்கள்!”

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று அண்ணனுக்குத் தெரியவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா கேட்டாள்:

“நீ அனுப்பினதக் கேட்டுத்தான் இத்தனை நாளா பல்லக் கடிச்சிட்டுக் கெடக்கேன். இப்ப போட்டுக்கலாமாப்பா?”