கடைசி வாரப் பயிற்சி

மலிவான கூலியைத் தேடி வேலை கடல் தாண்டிப் போகிறது. அடையாறு வீட்டில் ஸ்ரீநாத் மடிக்கணினியை மூடினார். தம் வேலையைப் பாதிச் சம்பளத்துக்குச் செய்யப்போகும் வியட்நாம் பெண்ணுக்கு அவரே பயிற்சி தந்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமையோடு அவருக்கு வேலை இல்லை.

"முக்கியமான ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாம விட்டுடுங்க. அவ திணறினா உங்களத்தானே கூப்பிடுவாங்க!" என்றாள் மனைவி ஹம்சா.

"முடியாது. எனக்குக் கத்துக்கொடுத்த ராபர்ட் எதையும் மறைக்கல."

"தீபாவளிக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்புவீங்களே, அந்த அமெரிக்க மேனேஜரா?"

"மேனேஜர் இல்ல, ஹம்சா. இந்த வேலையே அவரோடதுதான். கால்வாசிச் சம்பளத்துக்கு வந்தவன் நான்."

ஹம்சாவின் குரல் தாழ்ந்தது. "இப்ப அவர் என்ன பண்றார்?"

"இருபது வருஷமா வாழ்த்து அனுப்பறேன். அதைக் கேக்க மட்டும் தைரியம் வரல."