குறை சொல்லாத வழி

சர்ச் பிள்ளைகளைத் துடுப்புப் படகில் காட்டுக்குள் கூட்டிப்போக வந்த டாரில், வேன் பானெட்மேல் வரைபடத்தை விரித்து, அந்தக் காட்டோரமே கிழவனாகிவிட்ட என்னிடம் வழி கேட்டான். எனக்கு அவன்மேல் நம்பிக்கையே இல்லை.

“லூன் ஏரி?”

“கரடி திரியுது.”

“பீவர் ஓடை?”

“தண்ணி வத்திடுச்சு. பாதி தூரம் படகைத் தலைமேல தூக்கிட்டு நடக்கணும்.”

“ஆந்தை ஏரி?”

“காத்தடிச்சா கவுத்துடும்.”

“பெருசு சொர்க்கத்துக்குப் போனாலும் குறை சொல்லும்!” என்றான் டாரில். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அடுத்து, டோரன் ஆற்றின்மேல் பென்சிலை வைத்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

“பாத்தீங்களா? இதுக்கு மட்டும் வாயே திறக்கல. அப்ப இதுதான் பத்திரம். ஏறுங்க!”

பிள்ளைகள் ஏறினார்கள். வேன் உறுமியது. ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினேன்.

“என்ன பெருசு, இந்த ஆத்துலயும் குறையா?”

“என் மகன் இன்னும் அதுலதான்டா கிடக்கான்.”