தலைமேல் ஏறிய கசடு

உலையில் உருகிக் கிடந்த இரும்புக்கு மூக்குமேல் கோபம். சுண்ணாம்புக் கல் போட்டதும் உண்டான கசடு அதன் தலைமேல் ஏறி மிதந்தது.

"இறங்குடா, அழுக்குப் பயலே!"

"அழுக்கு உன்னோடதுதான் அண்ணே. உன்னைப் பட்டுன்னு ஒடிய வைக்கிற பாஸ்பரஸை உறிஞ்சி வச்சிருக்கேன்."

இரும்புக்கு வெட்கமாகிவிட்டது. "அப்போ இங்கேயே இருந்துடு தம்பி."

"இருந்தா நீதான் கெடுவே. சூடு இன்னும் ஏறினா என் பிடி தளரும். அத்தனையும் உனக்குள்ளேயே திரும்பிடும். அதோ, வழிச்சுத் தள்ள ஆள் வர்றான். என்னை விட்டுடு."

இரும்பு மனசில்லாமல் விட்டது. கசடு வெளியே போய்க் கல்லாக இறுகியது.

இரும்பு தண்டவாளமானது. முதல் ரயில் தடதடவென்று ஏறிப் போனது, தண்டவாளம் ஒடியவில்லை. அடியில் உடைத்துப் பரப்பியிருந்த சல்லிக் கற்களிலிருந்து பழகிய குரல் வந்தது.

"அண்ணே, இப்போ நீ என் தலைமேல. நான் இறங்கச் சொல்ல மாட்டேன்."