மேலே போன வரிகள்

“மேல போனதப் பார்க்க இந்தப் பெட்டியில ஒரு வழியும் இல்லியா, ராத்தா?”

மடியில் மகளை வைத்தபடி நாச்சியா கேட்டாள்.

“இல்ல புள்ள. மெஷின் பழசு. தெரியிறத வாசி,” என்றாள் ஜெமீலா.

கல்முனையில் ஜெமீலாவின் நெட் கபேயில் ஐந்து மெஷின்கள். வைரஸ் துடைக்க வந்திருந்த ஜெப்றிக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தையும் கொண்டுவந்து பொருத்திப் பூட்டிக் கொடுத்தவனே அவன்தான்.

“அஞ்சையும் ஒரே நாளிலதானே இறக்கினம், அக்கா. மூணாவது மட்டும் எப்பிடிப் பழசாகும்?”

“சிலதுக்குக் கெதியா வயசு போகும் தம்பி. உன்னப் பார்த்தாத் தெரியல்லியா?”

அஸருக்குப் பாங்கு கேட்டது. கடைக்குப் பின்னால்தான் வீடு. ஜெமீலா தொழப் போனாள்.

ஜெப்றி மூன்றாவது மெஷினை எட்டிப் பார்த்தான். கத்தாரில் இருக்கும் கணவனோடு நாச்சியா கதைத்துக்கொண்டிருந்தாள். சாட் ஒரு சின்னப் பொப்-அப் பெட்டியில் திறந்திருந்தது. அதன் ஓரத்தில் ஸ்க்ரோல் பார் இல்லை. கணவன் இங்கிலிஸ் எழுத்தில் தமிழ் எழுதினான். நாச்சியா உதட்டை அசைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள். ஒரு வரியை அவள் முடிப்பதற்குள் நாலு வரி மேலே ஏறி மறைந்தது.

“எப்பவும் இதிலதானா இருக்கிறீங்க?”

“ஓம். மத்ததெல்லாம் சும்மா கிடந்தாலும் ராத்தா என்ன இதிலதான் இருத்துவா.”

ஜெப்றிக்கு விளங்கிவிட்டது. மேலே போனதைப் பார்க்க முடியாதவள் திருப்பித் திருப்பிக் கேட்பாள். அவன் திருப்பித் திருப்பி எழுதுவான். மணித்தியாலக் கணக்கு ஏறும். கத்தார்க் காசு அக்காவுக்கு இனிக்கிறது.

“கொஞ்சம் எழும்புங்க.”

பெட்டியைத் திறக்கிற புரோகிராம் வரியைத் தேடிப் பார்த்தான். ஸ்க்ரோல் பாருக்கு ‘ஆம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. அது தானாக அப்படி ஆகாது. யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள். மாற்றினான். மூடித் திறந்தான். பழைய வரிகளோடு பெட்டி திரும்பி வந்தது, ஓரத்தில் ஸ்க்ரோல் பாரோடு.

“இந்தக் கம்பியப் பிடிச்சு இழுங்க. என்னவெல்லாம் போட்டாரோ எல்லாம் வரும்.”

“அல்லாஹ்! இவ்வளவுதானா?”

நாச்சியா உச்சிவரை இழுத்தாள்.

ஜெப்றி அடுத்த மெஷினுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் கதிரை தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. நாச்சியா மகளை இடுப்பில் தூக்கியிருந்தாள். முகம் இருண்டிருந்தது.

“போறன். ராத்தாட்டச் சொல்லுங்க.”

“பதில் போடல்லியா?”

“இனி என்னத்துக்கு?”

ஜெமீலா வந்தபோது கதிரை வெறுமையாக இருந்தது. பெட்டியின் ஓரத்தைப் பார்த்தாள்.

“இத ஆரு பூட்டின?”

“நான்தான். அந்தப் புள்ள இனி எல்லாத்தையும் பார்க்கலாம். உங்களுக்குக் கொஞ்சம் நட்டம்தான், அக்கா.”

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். திரையில் மேலே இருந்ததை வாசித்தாள்.

‘போன வெள்ளி ஏன் வரல்ல? காத்திருந்து காத்திருந்து கண் பூத்துப் போச்சு. புருசன் என்டு ஒருத்தன் இருக்கிறது ஞாபகம் இருக்கா? இனி நீ வராத. நானும் ஊருக்கு வரல்ல.’

“போன வெள்ளி இங்க ஹர்த்தால். பஸ் ஓடல்ல. அவருக்கு அங்க என்ன தெரியும்?” என்றபடி கம்பியைக் கீழே இழுத்தாள்.

‘நாச்சியா, இருக்கியா? கோவிக்காத. சுனாமிக்காகக் கட்டித் தந்த வீட்டுத் திறப்புக் கைக்குக் கிடைச்சிட்டு என்டு உம்மா சொன்னா. மூணு பேரும் சேர்ந்துதான் குடிபோகணும். மகள நான் இன்னும் கையில தூக்கல்ல. பெருநாளைக்கு லீவு தாறாங்க. இண்டைக்கே மனேஜருக்குச் சொல்லணும். வரட்டா?’

அதற்குக் கீழே இன்னொரு ‘வரட்டா?’

“மேல இருந்து தொடங்கி, பாதியில எழும்பிப் போயிருக்காள். ஓடு தம்பி, பஸ் ஏற முந்தி.”

ஜெப்றி ஓடினான். மருதமுனை பஸ்ஸில் ஒரு கால் வைத்திருந்தவளை, “கீழ இன்னும் இருக்குதாம்” என்று சொல்லிக் கூட்டி வந்தான்.

அதற்குள் பெட்டியின் ஓரம் பழையபடி வெறுமையாக இருந்தது.

“ராத்தா, அந்தக் கம்பி எங்க?”

“தம்பி பூட்டினதுதானே. நிக்கல்ல.”

ஜெப்றி கதிரையை இழுத்துப் போட்டான்.

நாச்சியா உம்மென்று உட்கார்ந்து தெரிந்த வரிகளை எழுத்துக் கூட்டினாள். ‘வரட்டா?’வில் வந்து நின்றாள். பிறகு ஒரு விரலால் தேடித் தேடி ‘வாங்க’ என்று அடித்தாள். மகளின் விரலைப் பிடித்து அனுப்புகிற பொத்தானை அமர்த்தினாள்.

அவள் போன பிறகு ஜெப்றி சொன்னான்:

“குறை நினைக்காதீங்க அக்கா. காசுக்காகத்தான் கம்பியக் கழட்டினீங்க என்டு நினைச்சிட்டன். உங்கட மனசு ஆருக்கு வரும்?”

“எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்? அந்த மனிசன்தான் ஒரு நாள் கத்தாரில இருந்து கடைப் போனுக்குக் கோல் எடுத்தார். ‘கோவம் வந்தா வாய்க்கு வந்ததெல்லாம் எழுதிருவன் ராத்தா. பத்து வரியில இறங்கிரும். அவள் வாசிக்க முந்தி அது மேல போயிரணும், திரும்பி வரப்படாது’ என்டார். எந்த வரிய மாத்தணும் என்டு அங்க ஆரிட்டயோ கேட்டுச் சொல்லித் தந்ததும் அவர்தான்.”

ஜெப்றி சிரித்தான்.

“அதுக்கு, அந்தக் கோவத்த எழுதாமலே இருக்கலாமே?”

“நானும் கேட்டன். அதுக்கு எந்த வரிய மாத்துறது என்டு தெரியாதாம்.”